நரேன் கார்த்திகேயனின் 5 புள்ளி

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் ஒரு காலத்தில் எங்க செங்கல்பட்டு மாவட்டக் கணக்கு. அங்கே போனால் நரேன் பேச்சு வராமல் இருக்காது. எல்லாரும் சொல்றது 2005 இண்டியானாபொலிஸ்: ஃபார்முலா ஒன்னில் 4வது இடம், 5 புள்ளி.

அன்று ஓடியதே 6 கார்தான். மிஷ்லின் டயர் அணிகள் மொத்தமும் விலகிக்கொண்டன. அதே ஜோர்டான் காரில் சக வீரர் மோன்டைரோ 3வது வந்தார் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க!

நான் எடைபோடுவது ஜப்பானை வைத்து. 2010இல் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக்கையும் ஓட்டிப் பார்த்தவர், பிறகு அங்கே பல வருஷம் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபுஜியில் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சேர்ந்தே ஓடின. ஆள் குறையாத களம். ஹோண்டா என்எஸ்எக்ஸில், 42 வயதில், ஜெயித்தார்.

ஃபார்முலா ஒன்னுக்கு அப்புறம் 'காணாமல் போனார்' என்று எழுதுகிறவர்கள் அந்தப் பந்தயத்தைப் பார்த்ததே இல்லை போல.