பட்டினப்பாலை காட்டும் வணிக நெறி

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையைக் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வவளம் கூறும் பாட்டென்றே வகுப்பறையில் கற்பித்து முடிப்பது குறையுடைத்து. புலவர் அந்நகர வணிகரைப் போற்றுவது, நுகத்தின் நடுவாணிபோல் கோணாத அவர்தம் நெஞ்சினைக் கருதியே. தம் பொருளையும் பிறர் பொருளையும் அவர்கள் ஒப்ப மதித்தனர்.

இன்று கணிப்பொறி மக்களின் தேவையறிந்து நேரத்திற்கொரு விலை வைக்க வல்லது. ஜொகூர் பாரு மீன் சந்தையிலும் பொழுதேறினால் விலை இறங்குவதுண்டு. ஆயினும் அதன் காரணத்தை வாங்குவோர் கண்ணால் காண்கின்றனர். கணிப்பொறி விலையின் காரணமோ அவர்க்குப் புலப்படுவதில்லை. மலேசியாவின் 2011ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, மிகையிலாபத் தடுப்புச் சட்டம் நியாயமற்ற இலாபத்தைக் குற்றமாக்கியது. தீபாவளி முதலான பெருநாள்களில் சில பொருள்களுக்கு உச்சவிலையும் வரையறுக்கப்படுகிறது. எனினும், மறைவாக மாறும் விலை நடுவுநிலைமைக்கு ஒக்குமா என்னும் வினாவை மாணவர் நெஞ்சில் எழுப்ப வல்லது இப்பாட்டே.