மன்னிப்புக் கேட்டால் போதுமா?

கணிப்பொறித் திரையில் நீங்கள் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். குறுக்கே ஒரு விளம்பரம் குதிக்கிறது. மூடினால் மற்றொன்று! இந்தப் 'பாப்-அப்' சாளரத்துக்கு முதன்முதலில் ஆணைத்தொடர் எழுதியவர்களுள் ஒருவர் ஈதன் சக்கர்மேன். 1990களில் அமெரிக்காவின் டிரைபாட் நிறுவனத்தில் பணியாற்றியவர். 2014இல் 'தி அட்லாண்டிக்' இதழில் கட்டுரை எழுதி மன்னிப்புக் கேட்டார்.

காரணத்தை அவர் ஒளிக்கவில்லை. ஆபாசப் பக்கமொன்றில் தன் விளம்பரம் வந்ததைக் கண்டு ஒரு கார் நிறுவனம் பதறியதாம். பக்கத்தையும் விளம்பரத்தையும் பிரிக்கவே தனிச் சாளரம் பிறந்தது. இதுவரை கட்டுரை சிறப்பு.

ஆனால் அவர் தரும் மருந்து என்ன? விளம்பரத்தை விட்டுக் கட்டணம் செலுத்துவோம் என்கிறார். விளம்பரத்தால் நடக்கும் இணையமே வளரும் நாடுகளுக்குக் கதவு திறந்தது என்றும் அவரே ஒப்புகிறார். அப்படியானால் காசில்லாதவர் எங்கே போவார்? கட்டுரை இங்கேதான் தடுமாறுகிறது.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். நாம் சொடுக்காமலே திறக்கும் சாளரங்களைக் குரோம், பயர்பாக்ஸ் போன்ற உலாவிகள் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. பக்கத்தினுள்ளேயே விரியும் பெட்டிகளுக்கு அத்தடை செல்லாது. 'அறிவிப்புகளை அனுமதிக்கவா?' என்று கேட்டால் அவசரப்பட்டு இசைந்துவிடாதீர்கள். முன்பே இசைந்திருந்தால், உலாவியின் அமைப்புகளில் அந்த அனுமதியை இன்றே நீக்குங்கள்.