இல்லமும் வீடும்: முகப்பேர் முயற்சி ஒன்றைப் பற்றிய திறனாய்வு

இல்லம், வீடு ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளைக் குறிப்பன என்று அகராதி கூறும். மக்கள் வழக்கு அவ்வாறு கூறுவதில்லை. முதியோர் இல்லம், கருணை இல்லம், ஆதரவற்றோர் இல்லம், ஊனமுற்றோர் இல்லம் என்று பெயர்ப்பலகை எழுதுகிறோம். ஆனால் மாலையில் பணி முடித்துப் புறப்படும் ஒருவர் வீட்டிற்குத்தான் போகிறார். திருமண அழைப்பிதழிலும் மேடைப் பேச்சிலும் தவிர, தாம் வாழும் இடத்தை இல்லம் என்று சொல்வார் அரியர். பிறருக்காக நாம் கட்டுவது இல்லம், நாம் குடியிருப்பது வீடு என்னும் பாகுபாடு நம்மை அறியாமலே மொழியில் ஊன்றிவிட்டது. அரசாணைகளிலும் நம் சபை அறிக்கைகளிலும் ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளிகள் ஆகிவிட்டனர். அவர்கள் தங்கும் கட்டடத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி வட்டாரத்தில் இத்தகைய இல்லங்கள் சிறிதும் பெரிதுமாகப் பல உள்ளன. நகரின் விளிம்பில் நிலம் மலிவாகக் கிடைத்ததும், அண்டை வீட்டார் அதிகம் இல்லாதிருந்ததும் இதற்குக் காரணங்கள். இரண்டாவது காரணத்தை நாம் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இன்று நகரம் வளர்ந்து அவ்வில்லங்களைச் சூழ்ந்துகொண்டது. மதிற்சுவருக்கு அப்பால் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. ஆனால் உள்ளே இருப்போருக்கும் வெளியே இருப்போருக்கும் இடையே உள்ள தூரம் குறைந்ததாகத் தெரியவில்லை. இந்நிலையில் இதே வட்டாரத்தில், முகப்பேரில், தோன்றிய ஒரு முயற்சியைக் குருமாரும் இறையியல் மாணவரும் சற்று நின்று ஆராய வேண்டும் என்று கருதுகிறோம்.

'தி பான்யன்' என்னும் அமைப்பை 1993ஆம் ஆண்டில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இளம்பெண்கள் இருவர் தொடங்கினர். மனநோயுற்றுத் தெருவில் திரிந்த பெண்களுக்கு இடமும் மருத்துவமும் தருவதே அதன் முதல் நோக்கம். முகப்பேரில் உள்ள அதன் மனைக்கு 'அடைக்கலம்' என்று பெயர். அங்கு வந்து உடல்நலமும் மனநலமும் தேறிய பெண்கள் பலர், ஊரும் உறவும் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, தமிழகத்திற்குள்ளும் பிற மாநிலங்களுக்கும் திரும்பிச் சென்றனர். ஆனால் ஒரு பகுதியினர் திரும்ப இயலவில்லை. சிலருக்குக் குடும்பம் இல்லை; சிலரைக் குடும்பம் ஏற்கவில்லை; சிலர் தாமே போக விரும்பவில்லை. அவர்களுக்கு 'அடைக்கலம்' ஆண்டுக்கணக்கில் நீடித்த இருப்பிடமாயிற்று. தெருவிலிருந்து மீட்கத் தோன்றிய அமைப்பு, தான் விரும்பாமலே ஒரு காப்பகமாகிக்கொண்டிருந்தது. இதை உணர்ந்து 2015இல் தொடங்கப்பட்டதே 'ஹோம் அகெய்ன்', அதாவது 'மீண்டும் வீடு', என்னும் திட்டம். நான்கைந்து பேர், ஒருவரோடொருவர் ஒத்துப்போகிறவர்கள், சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் குடியேறுகிறார்கள். தெரு எல்லாரும் வாழும் தெரு. வீடும் பிற வீடுகளைப் போன்றதே. அவரவர் தேவைக்கேற்ப உதவியாளர் ஒருவர் உடன் தங்குகிறார், அல்லது வந்து போகிறார். இவ்வுதவியாளர்கள் செவிலியர் அல்லர். பெரும்பாலும் எளிய குடும்பத்துப் பெண்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலப் பணிகள் பற்றிய வழிகாட்டி நூல், பல நாடுகளிலிருந்து தெரிந்தெடுத்த முன்மாதிரிகளுள் இதனையும் சேர்த்து விவரிக்கிறது. கேரளத்திலும் மராட்டியத்திலும்கூட இம்முறை கைக்கொள்ளப்பட்டது.

இம்முயற்சியின் சிறப்பு வீட்டின் அளவில் இல்லை. அது கவிழ்த்த வரிசை முறையில் இருக்கிறது. முதலில் குணமாகட்டும், பின்பு சமைக்கவும் கணக்குப் பார்க்கவும் பழகட்டும், அதன்பின் வெளியே போவதைப் பற்றிப் பேசலாம் என்பது நம் நிறுவனங்கள் யாவும் கடைப்பிடிக்கும் வரிசை. அவ்வரிசையின் கடைசிப் படியை ஏறினவர் மிகச் சிலரே. சமையலறைக்குள் நுழைய அனுமதி இல்லாத இடத்தில் இருபது ஆண்டு இருந்தவர் சமைக்கத் தெரியாதவர் என்று தீர்ப்புப் பெறுவது எளிது. 'மீண்டும் வீடு' இதைத் தலைகீழாக்கி, வீட்டை முதலில் கொடுத்தது. மருந்து தொடரும், சில குரல்கள் காதில் கேட்டுக்கொண்டேயிருக்கலாம்; அதனால் கடைக்குப் போய்க் கீரை வாங்கக் கூடாதென்பதில்லை.

கீழ்ப்பாக்கத்தின் வரலாற்றோடு இதை ஒப்பிட்டால்தான் இதன் எடை விளங்கும். 1794இல் கம்பெனி ஆட்சியில் சென்னையில் தோன்றிய மனநோயாளர் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு வந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அதுவே தமிழகத்தில் மனநோயின் மறுபெயர். ஊரின் பெயரே கேலிச்சொல்லாகிவிட்டது. பின்னர் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். நாடு அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. அவற்றில் இருந்தோரில் பலர் கீழ்ப்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டனர். சங்கிலி அகன்றது நன்மையே. ஆயினும் ஒரு மதிலிலிருந்து இன்னொரு மதிலுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி அன்று எவர் கையிலும் இல்லை என்பதையும் குறிக்க வேண்டும். 2019இல் வெளியான ஆய்வொன்று, நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்வையிட்டு, அங்கிருந்தோரில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் ஓராண்டுக்கும் அதிகமாக அங்கேயே தங்கியிருப்பதாகக் கண்டது.

சட்டம் இன்று நம் பழக்கத்தைவிட முன்னே நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையை அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைப் பின்பற்றிற்று. 2017இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதி இல்லை என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருத்தல் ஆகாது என்பது அதன் கருத்து. மேலே சொன்ன காரணங்களைத் தவிர வேறு காரணம் நம் இல்லங்களில் பலவற்றிற்கு உண்டா என்று நிர்வாகக் குழுக்கள் தம்மையே கேட்டுப் பார்க்கலாம்.

இனித் திருமறைக்கு வருவோம். மாற்கு 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளில் வாழ்ந்த மனிதனைப் பற்றிய பகுதியைப் பேய் ஓட்டிய அற்புதமாக மட்டுமே பிரசங்கித்து வந்துள்ளோம். அந்த ஊரார் செய்திருந்த ஏற்பாட்டை நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஊருக்கு வெளியே ஓரிடம், கைகால்களுக்கு விலங்கு: அக்காலத்துக் காப்பகம் அதுவே. அவன் அலறியபோது ஊரார் பயந்ததாக மாற்கு எழுதவில்லை. அவன் ஆடையணிந்து தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருந்ததைக் கண்டபோதுதான் பயந்தார்கள் என்கிறார். கல்லறையில் இருந்த நோயாளியோடு அவர்களால் வாழ முடிந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனோடு எப்படி வாழ்வது என்று தெரியவில்லை. இன்று வாடகைக்கு வீடு கேட்டால் மறுக்கும் உரிமையாளரின் அச்சமும் இத்தன்மையதே. இல்லத்திற்கு நன்கொடை அனுப்பும் கையே கதவைச் சாத்தவும் செய்கிறது. இன்னொன்றும் உண்டு. நலமடைந்தவன் இயேசுவோடிருக்க வேண்டிக்கொள்கிறான். அவர் இசையாமல், அவனைத் தன் வீட்டாரிடம் போகச் சொல்கிறார். ஊழியத்திலேயே வைத்துக்கொள்வது எளிதாக இருந்திருக்கும். பயனுள்ள சாட்சியாகவும் இருந்திருப்பான்.

எண்ணாகமம் 35இல் வரும் அடைக்கலப் பட்டணச் சட்டமும் கருதத்தக்கது. அங்கு தஞ்சம் புகுந்தவன் என்றென்றும் அங்கேயே இருக்க வேண்டும் என்பதில்லை. பிரதான ஆசாரியன் இறந்தபின் தன் சொந்த நிலத்திற்குத் திரும்பலாம். அடைக்கலத்தைப் போலவே திரும்பிப் போவதும் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. நம் மிஷனெரி மரபிலும் இந்நினைவு அறவே இல்லாமலில்லை. டாக்டர் பால் பிராண்டு வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையம், தொழுநோயால் கை மடங்கியோர் அறுவை சிகிச்சைக்குப் பின் தொழில் கற்று ஊர் திரும்பவென்றே, மருத்துவமனை வார்டு போலன்றிச் சிற்றூர்க் குடியிருப்பு போல அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் நாம் கட்டியவற்றுள் எத்தனைக்கு இத்தகைய வெளிவாசல் உண்டு?

இனி இம்முயற்சியின்மேல் எழும் ஐயங்கள். மேல்நாட்டு வரலாறு இங்கு எச்சரிக்கை தருகிறது. அமெரிக்க நாட்டில் 1955இல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,60,000 பேர் இருந்தனர். அடுத்த நாற்பதாண்டுகளில் அவை பெரும்பாலும் காலியாயின; ஆனால் வாக்களிக்கப்பட்ட சமூக நிலையங்கள் போதிய அளவு எழவில்லை; பலர் தெருவிற்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தனர். இத்தாலி 1978இல் சட்டமியற்றி மனநோயாளர் காப்பகங்களை மூடத் தொடங்கியது. திரியெஸ்தே நகரில் பிராங்கோ பசாலியாவின் குழுவினர் மூடுமுன்பே ஊருக்குள் நிலையங்களைத் திறந்திருந்ததால் அங்கு அது நிலைத்தது. கதவைத் திறப்பது செலவற்றது. வாடகை, உதவியாளர் ஊதியம், மருந்து, நெருக்கடி நேரத்தில் ஓடிவரும் ஆள் ஆகிய யாவும் செலவுள்ளவை. முகப்பேர் முயற்சி பெரும்பாலும் நன்கொடையில் நடப்பது. நன்கொடை வற்றும்போது வாடகையை யார் கட்டுவார்? சட்டம் அரசின்மேல் வைத்த கடமையை அறநிலையங்கள் சுமந்துகொண்டிருப்பதை நாம் பாராட்டி நிறுத்திக்கொண்டால் அரசுக்கு அது வசதியே.

சிறியது என்பதாலேயே ஒரு வீடு நல்லதாகிவிடாது என்பதும் சொல்லப்பட வேண்டும். அறிவுவளர்ச்சி குன்றியோரோடு சேர்ந்து வாழும் சிறு குடும்பங்களாக 1964இல் பிரான்சில் ழான் வானியே தொடங்கிய 'லார்ஷ்' இயக்கத்தை இறையியல் கல்லூரிகள் நெடுங்காலம் போற்றி வந்தன. 1970இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் தோன்றியது அதன் வழியே. வானியே ஆவிக்குரிய ஆலோசனையின் பெயரால் பெண்களைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பதை அவ்வியக்கமே 2020இலும் 2023இலும் அறிக்கையாக வெளியிட்டது. பாதிக்கப்பட்டோர் இயலாமை உடையோர் அல்லர் என்றாலும், அன்பு என்னும் சொல்லால் அதிகாரத்தை மறைப்பது எத்துணை எளிது என்பதற்கு அது சான்று. எனவே இத்தகைய வீட்டை அளக்க நாம் கேட்க வேண்டியவை மிகச் சிறிய வினாக்களே. வாசற்கதவின் சாவி யாரிடம்? இன்றைக்கு என்ன குழம்பு என்பதை யார் முடிவு செய்கிறார்? விளக்கை எப்போது அணைப்பது? உதவியாளரைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் எவர் கேட்பார்? அவ்வுதவியாளருக்கும் நியாயமான ஊதியமும் ஓய்வு நாளும் உண்டா? சபை நடத்தும் இல்லமானால் இன்னொரு வினாவும் சேரும்: காலை ஜெபத்திற்கு வராமலிருக்க ஒருவருக்கு அங்கே உரிமை உண்டா?

மற்றொரு குறை, அறிவுவளர்ச்சி குன்றியவர்களும் மூளை முடக்குவாதம் உடையவர்களும் பற்றியது. இவர்களுள் பலர் எந்த நிறுவனத்திலும் இல்லை. முதிர்ந்த பெற்றோரோடு இருக்கிறார்கள். எங்களுக்குப் பின் யார் என்னும் கேள்வி ஆவடியிலும் அம்பத்தூரிலும் நம் சபைக் குடும்பங்களில் எழுபது வயதுத் தாய்மாரின் உறக்கத்தைக் கெடுக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இவர்களுக்குக் காப்பாளரை நியமிக்க வழி செய்தது. காப்பாளர் கையொப்பமிடுவார், உடன் வாழ மாட்டார். நிறுவனங்களை மூட வேண்டும் என்று பேசுவோர் இத்தாய்க்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது நியாயமே. முகப்பேர் முறை ஒரு விடையின் தொடக்கம். அது மனநோயுற்றோருக்காக உருவானது. பிறருக்கு எவ்வாறு பொருந்தும் என்பது இனிமேல் கண்டறிய வேண்டியது.

ஒருபுறம் இவ்வளவு பேசும்போது, ஆவடி மார்க்கத்து மின்தொடர் வண்டிகளில் ஊதுபத்தியும் கைக்குட்டையும் விற்றுப் பிழைக்கும் பார்வையற்றோரை மறந்துவிடக் கூடாது. பூந்தமல்லியில் அரசு பார்வையற்றோர் பள்ளி பல்லாண்டுகளாக நடைபெறுகிறது. படித்து வெளியேறிப் பணியில் அமர்ந்து, மணம் முடித்து, வாடகை வீட்டில் குடும்பம் நடத்தும் பார்வையற்றோர் பலர். சமூகத்தில் வாழ்வது எப்படி என்பதை எந்தத் திட்டமும் இல்லாமலே கற்றவர்கள் அவர்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரே இல்லத்திற்குப் பல சபையார் கேக்கும் போர்வையும் கொண்டு செல்வதுண்டு. வண்டியில் எதிரே வரும் இவர்களைப் பெயர் சொல்லி அறிந்தவர் நம்மில் மிகச் சிலர்.

சபைகளிடம் இன்று புதிய இல்லம் ஒன்று கட்டும்படி எவரும் கேட்கவில்லை. முகப்பேர் முயற்சி நம்மிடம் கேட்பது அதைவிடச் சிறியது, அதைவிடக் கடினமானது. இவ்வட்டாரத்துச் சபைகள் சிலவற்றிற்கு வாடகைக்கு விடும் வீடுகளும் கடைகளும் உண்டு. சபையாரில் மாடிப் பகுதியை வாடகைக்கு விடுவோர் அநேகர். குடும்பமா, தனியாளா, எந்த ஊர், என்ன சாதி என்று வினவும் அதே வாசலில் நால்வர் வந்து நிற்பார்கள். உடன் ஒரு பெண் இருப்பார். சபைக்கமிட்டியில் அக்காரியம் வரும்போது முன்பணம் எவ்வளவு என்பது பற்றி அல்ல, மற்றக் குடித்தனக்காரர் என்ன சொல்வார்கள் என்பது பற்றியே பேச்சு நடக்கும். ஆயர் அப்போது என்ன சொல்லப்போகிறார் என்பதும், வாடகை ஒப்பந்தத்தில் குடியிருக்கப்போகிறவர்களின் பெயரே எழுதப்படுமா, அன்றி அவர்களை அனுப்பிய அமைப்பின் பெயர் எழுதப்படுமா என்பதும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியவை.