தங்கத்தை விடுங்கள், தகட்டைப் பாருங்கள்

சாரல் விழுந்த சேதி வந்தால் போதும், மேலகரம் வழியாகக் குற்றாலம் போகிற சாலையில் வண்டி நகர இடமிருக்காது. அருவியை ரசிக்க யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் மேலகரம் என்பதால் பாட்டை ரசிக்கவும் இங்கே ஆளுண்டு. ஆனால் ஒரு விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். “அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்லா” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ராகத்தின் பெயர் தெரியாமலே நாகஸ்வரம் கேட்டுத் தலையாட்டுகிறவர்களுக்கு இது மட்டும் எப்படி எட்டாமல் போகும்?

அடிப்படையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். தொலைநோக்கியின் முதல் வேலை ஒளியைச் சேர்ப்பது. ஆடி எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஒளி. குழிந்த ஆடியில் விழும் ஒளி ஒரே இடத்தில் வந்து கூடும். காற்று மண்டலம் படத்தைக் கலக்கும், அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதியை விழுங்கும். அதனால்தான் விண்வெளிக்குப் போவது. அகச்சிவப்பில் பார்க்கிற தொலைநோக்கி தானே சூடாக இருந்தால் தன் சூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே அது உறைகுளிரில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். “எத்தனை மடங்கு பெருசாத் தெரியும்?” என்று கேட்பவர்கள் பிளாஸ்டிக் தொலைநோக்கி விற்கிற கடைக்குப் போகலாம். அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்து வைத்திருப்பார்கள்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். ஆடிகளில் இரண்டு குலம் உண்டு. சூட்டுக்கும் குளிருக்கும் அசையாத பொருளில் செய்தது ஒன்று. அசையும், ஆனால் எங்கே எவ்வளவு அசையும் என்று அளந்து வைத்துக்கொண்டு செய்தது மற்றொன்று. இந்தப் பிரிவினை பிடிபட்டவருக்குத் தொலைநோக்கி பிடிபட்டுவிட்டது என்பேன்.

முதல் குலத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். சவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். பொருள், ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் வார்க்கும் ஜெரோடூர் என்ற கண்ணாடிப் பீங்கான். அதன் சூட்சுமம் அழகானது. உள்ளே நுண்ணிய படிகங்கள் நிறைந்திருக்கும். சூடேறினால் கண்ணாடிப் பகுதி விரியும், படிகங்கள் சுருங்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் மொத்தத்தில் ஏறக்குறைய அசைவே இல்லை. ஆடியை உருவுக்குக் கொண்டுவந்து மெருகேற்றியது நம் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடம். இதைக் கனவு கண்ட வானியலாளர் வைணு பாப்பு 1982-லேயே இறந்துவிட்டார். 1986 ஜனவரியில் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கித் திறப்பு விழா கண்டது.

ஹபிள் தொலைநோக்கியும் இந்தக் குலம்தான். அதன் 2.4 மீட்டர் ஆடியும் விரியாத கண்ணாடி. ஆனாலும் அசையாமையை முழுசாக நம்பாமல், விண்வெளியிலும் சூடேற்றிகளை வைத்து அந்த ஆடியை ஏறத்தாழ 21 டிகிரியிலேயே வைத்திருக்கிறார்கள். தரையில் எந்தச் சூட்டில் தேய்த்தார்களோ மேலேயும் அந்தச் சூடு. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது ஒதுங்கி நின்று பிழைக்கிற கெட்டிக்காரத்தனம்.

அகச்சிவப்பில் பார்க்கிற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் ஆடிகள் −220 டிகிரியை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருந்தாக வேண்டும். நம் பக்கத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனைக்குக் கொண்டுவருகிற திரவ ஹைட்ரஜன் −253 டிகிரி. கிட்டத்தட்ட அந்த வாசலுக்குப் போய்விட்ட குளிர். விரியாத கண்ணாடியின் சாமர்த்தியமெல்லாம் அறைச்சூட்டை ஒட்டித்தான். அத்தனை குளிரில் அதுவும் கோணும். கண்ணாடியா, பெரிலியம் என்ற உலோகமா என்று போட்டி வைத்துப் பார்த்து 2003-இல் பெரிலியத்தைத் தேர்ந்தார்கள். அலுமினியத்தைவிட எடை குறைவு, விறைப்போ அபாரம். தூள் நுரையீரலுக்குள் போனால் ஆளைத் தீர்க்கும் நச்சு. வேலைக்கு வசப்படாத முரட்டு உலோகம்.

பெரிலியம் சுருங்கும். பல துண்டுகளாலான வெப் ஆடியில் 1.3 மீட்டர் அகலத் துண்டு ஒன்று அந்தக் குளிருக்குப் போகும்போது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கிவிடும். ஆடியின் வடிவத்தில் அனுமதித்த பிழையோ சில பத்து நானோமீட்டர். பத்து லட்சம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். ஒரே சீராகச் சுருங்கினால் கவலையில்லை, கணக்குப் போட்டுவிடலாம். இடத்துக்கு இடம் கொஞ்சம் கூடக்குறைய இழுக்கும்போதுதான் ஆடி கோணுகிறது. என்ன செய்தார்கள்? தரையிலேயே குளிர்கூடத்தில் ஒவ்வொரு துண்டையும் குளிரவைத்து, எங்கே மேடாகிறது, எங்கே பள்ளமாகிறது என்று வரைபடம் எடுத்தார்கள். வெளியே கொண்டுவந்து அந்தக் கோணலுக்கு நேர் எதிரான கோணலை வேண்டுமென்றே தேய்த்து ஏற்றினார்கள். அறைச்சூட்டில் பார்த்தால் தப்பான ஆடி. குளிருக்குப் போனதும் சரியான ஆடி! கோடித்துணி முதல் தண்ணீரில் எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்து, அதற்கு விட்டு வெட்டுகிற தையற்காரர்தான் எனக்கு ஞாபகம் வருவார். பெரிலியத்தின் இன்னொரு குணம் இதற்குத் துணை: −190 டிகிரி வாக்கில் அதன் சுருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். அதற்குக் கீழே சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அலட்டிக்கொள்ளாது.

ஏறக்குறைய 250 கிலோ கட்டியைக் குடைந்து குடைந்து, முதுகில் தேன்கூடு போல விலா எலும்புகளை மட்டும் விட்டு, ஒரு துண்டை 20 கிலோ அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிப் பதினெட்டு அறுகோணங்கள். சேர்ந்தால் 6.5 மீட்டர் ஆடி.

இவ்வளவையும் விட்டுவிட்டு நம் பத்திரிகைகளும் காணொளிக்காரர்களும் எதைப் பிடித்துக்கொண்டார்கள்? “தங்கக் கண்ணாடி!” பதினெட்டுத் துண்டுக்கும் சேர்த்துத் தங்கம் 50 கிராமுக்கும் குறைவு. சுமார் ஆறு பவுன். நம்மூர்க் கல்யாணத்தில் பெண்ணின் கழுத்தில் இதைவிட அதிகம் கிடக்கும். தங்கம் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும், அதனால் பூசினார்கள். தடிமன் 100 நானோமீட்டர். மேல்பூச்சை வியந்து நின்றுவிடுவது மேம்போக்கு.

ஆடிகளைக் குளிரில் வைத்திருக்கும் வெயில் மறைப்பைப் பற்றி எழுத இடம் குறைந்துவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். டென்னிஸ் மைதானம் அளவுக்கு காப்டான் என்ற நெகிழிப் படலம் ஐந்து அடுக்கு. சூரியனைப் பார்க்கிற முதல் அடுக்கு 0.05 மில்லிமீட்டர், மற்றவை அதில் பாதி. அடுக்குகளின் இடைவெளி வழியே சூடு பக்கவாட்டில் வெளியேறிவிடும். 2021 கிறிஸ்துமஸ் அன்று ஏவி, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்ச் சேர்வதற்குள் இதையெல்லாம் மடிப்புப் பிரித்து விரித்தார்கள். ஒரு மடிப்பு சிக்கியிருந்தாலும் ஏணி போட்டு ஏற ஆளில்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். வெப் அனுப்பும் வண்ணப்படங்களை நான் அதிக நேரம் பார்ப்பதில்லை. எனக்குப் பிடித்தது 2022 தொடக்கத்தில் வந்த அந்த முதல் படம்தான். ஒரே நட்சத்திரம் பதினெட்டு மங்கல் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். துண்டுக்கு ஏழு நகர்த்திகள்; நானோமீட்டர் கணக்கில் தள்ளித் தள்ளிப் பதினெட்டையும் ஒன்றாக்கினார்கள். இந்தப் படத்தை யாரும் செல்போன் முகப்பில் வைப்பதில்லை. எடுத்துப் பாருங்கள்; வெப் எடுத்த வியாழன் படத்தைவிட அது அழகு.

ரசிக்கப் பழக வழி இதுதான். எந்தத் தொலைநோக்கியைப் பற்றிப் படித்தாலும், ஆடி எதனால் ஆனது, எந்தச் சூட்டில் வேலை செய்யப்போகிறது என்ற இரண்டை மட்டும் முதலில் தேடுங்கள். வான் இயற்பியலாளரான நம் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் ஆடிகள் ஜெரோடூரில் செய்து இரிடியம் பூசியவை. அதை எந்தக் குலத்தில் சேர்ப்பது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பிறகு பார்வையாளர் நாளை விசாரித்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒருமுறை காவலூருக்குப் போய் வாருங்கள். குற்றாலத்துக்கு வருஷா வருஷம் கூட்டம் வருகிறது. காவலூருக்கும் வர வேண்டும்.