செக்கோவின் அட்டைகளும் நமது கதைகளும்

கருவிலே திருவுடையார்க்கே கதை எழுதும் ஆற்றல் கைவரும் என்ற கூற்று நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. 'கலை கலைக்காகவே' என்போர் இதனைச் சொல்வதில் வியப்பில்லை. எழுதுகோலைச் சிலரின் பிதிரார்ச்சிதமாக வைத்திருக்க இது பயன்படும். ஆனால், முற்போக்காளர் எனப்படும் நாமும் இன்னொரு வடிவில் இதே தவற்றைச் செய்கிறோம். கொள்கை தெளிவாக இருப்பின் கதை தானாக அமைந்துவிடும் என நம்புகிறோம். இரு சாராரும் மறுப்பது ஒன்றையே: உழைப்பை.

இதைப் பிறர் குறையாக நான் கூறவில்லை. மலைநாட்டுப் பாடசாலை ஒன்றிற் படிப்பிக்கும் என்னிடம் மாணவன் ஒருவன் ஒரு கதையைக் கொண்டுவந்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி, கதையின் முடிவில் இரண்டு பக்க அளவில் சுரண்டலைச் சாடிப் பேசுகிறாள். நான் சந்திப் பிழைகளைத் திருத்தி, 'கருத்து நன்று' என்றெழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அவனுடைய தாயே கொழுந்து பறிப்பவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அந்தத் தாயின் சாயல் கதையில் ஓரிடத்திலும் இல்லை. ஏன் இல்லையென நான் கேட்கவுமில்லை.

இவ்விடத்தில் அன்ரன் செக்கோவின் வாழ்க்கை நமக்குப் பாடமாகிறது. மொஸ்கோவில் வைத்தியம் படித்த காலத்தில், குடும்பத்தைத் தாங்குவதற்காக நகைச்சுவை ஏடுகளுக்கு அவர் எழுதிக் குவித்தார். 1886இல் மூத்த எழுத்தாளர் கிரிகொரோவிச், திறமையை அவசர எழுத்தில் வீணாக்க வேண்டாமென அவருக்குக் கடிதம் எழுதினார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் உழைத்ததாகத் தமக்கு நினைவில்லை எனச் செக்கோவ் பதிலில் ஒப்புக்கொண்டார். இயல்பான திறமை அவரிடம் இருந்தது. ஆயின் அது போதாது என்பதை அவரே உணர்ந்தார்.

1890இல் அவர் ரஷ்யாவின் கீழைக் கோடியிலுள்ள சகலின் தீவுக்குச் சென்றார். தண்டனைக் கைதிகள் குடியேற்றப்பட்ட தீவு அது. மூன்று மாதங்கள் அங்குத் தங்கி, நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, வீடுவீடாகச் சென்று, பெயர், வயது, பிறந்த இடம், தொழில், எழுத்தறிவு முதலியவற்றைக் கேட்டு ஏறக்குறைய 10,000 அட்டைகளை நிரப்பினார். அவ்வுழைப்பிலிருந்து பிறந்ததே 1895இல் நூலுருப்பெற்ற 'சகலின் தீவு'.

திரும்பும் வழியில், அவ்வாண்டு நவம்பரில், அவர் கொழும்பிலும் இறங்கினார். புகைவண்டியிற் கண்டிக்கும் சென்றார். தம் கடிதத்தில் இலங்கையைச் சொர்க்கபூமி என வியந்தார். கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துவிட்ட காலம் அது. அந்த மலைகளில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்துக்கொண்டிருந்தனர். அவர்களின் துயர் அந்தச் சொர்க்கத்தில் இடம்பெறவில்லை. சகலினிலும் இலங்கையிலும் கண்கள் அதே கண்கள்தாம்; திறமையும் அதே திறமைதான். ஓரிடத்தில் அவர் உழைத்தார். மற்ற இடத்தில் உல்லாசப் பிரயாணியாகக் கடந்து சென்றார். மேதையாயினும் சன்னலோரத்து இருக்கையிலிருந்து மனிதரைக் காண இயலாது.

அவர் இலங்கையிற் கருக்கொண்ட கதை 'கூஸெவ்'. அவர் பயணஞ்செய்த கப்பலில் இருவர் இறந்து கடலில் விடப்பட்டதை அவர் நேரிற் கண்டிருந்தார். கதையிலும் காசநோயாற் சாகக் கிடக்கும் சிப்பாய்கள் கப்பலில் ஊருக்கு அனுப்பப்படுகின்றனர். பாவெல் இவானிச் என்ற பாத்திரம் இந்த அநீதியை எதிர்த்து உரத்துப் பேசுகிறது. அவர் கூறுவன உண்மையே. ஆயினும் நம் நெஞ்சை அறுப்பது அவருடைய பேச்சன்று. அதைச் சரிவரப் புரிந்துகொள்ளாது, ஊரின் பனியையும் தன் அண்ணனின் பிள்ளைகளையும் எண்ணிக்கிடக்கும் கூஸெவின் அமைதியே. காரணமின்றிச் சீனர் நால்வரை அடித்தவனும் அவனே. அதை ஆசிரியர் மறைக்கவில்லை. ஒடுக்கப்பட்டவனைத் தெய்வமாக்காமல் மனிதனாகக் காட்டுவதால் அவனை வதைத்த அமைப்பு மேலும் கொடியதாகத் தெரிகிறது. நம் கதைகளிற் பாவெல் இவானிச்சுகள் நிறைந்திருக்கின்றனர், கூஸெவ்தான் இல்லை.

ஆகவே இளம் எழுத்தாளர்க்கு நாம் கூறவேண்டியது இது: நாள்தோறும் ஒரு மனிதரையேனும் உற்றுநோக்கி, அவர் செய்யும் தொழிலையும் பேசும் பேச்சையும் கொப்பியிற் குறித்துவையுங்கள். எழுதியதை ஒரு வாரம் கழித்து வாசியுங்கள். பாத்திரத்தின் வாயில் உங்கள் குரல் கேட்குமிடங்களை வெட்டிவிடுங்கள்.

ஆனால் 'நாள்தோறும் எழுது' என்ற அறிவுரை, நேரமும் இடமும் உள்ளவனுக்கே எளிது. லயத்தின் ஓரறையில் ஐவரோடு வாழும் மாணவனுக்கு மேசை எங்கே, தனிமை எங்கே? பாடசாலை நூலகத்தை மாலையில் ஒரு மணி நேரம் திறந்துவைப்பதும் இலக்கியப் பணியே. அதைச் செய்யாத ஆசிரியருக்குத் தொழிலாளர் இலக்கியம் தோன்றவில்லையே எனக் குறைப்பட உரிமையில்லை.

அம்மாணவனின் கதையை அவனோடு மீண்டும் படித்தேன். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது உன் தாய் என்ன செய்வார் எனக் கேட்டேன். மூன்றாம் முறை எழுதியபோது இரண்டு பக்கப் பேச்சு மறைந்துவிட்டது. அதனிடத்தில் ஒரே வாக்கியம் நின்றது: அவள் தராசின் முள்ளைப் பார்ப்பதில்லை, நிறுப்பவரின் முகத்தையே பார்த்து நிற்கிறாள்.

சுரண்டலைப் பற்றி அதற்குமேல் நான் அவனுக்குக் கற்பிக்க எதுவும் இருக்கவில்லை.