வாக்குச்சீட்டும் மனச்சான்றும்

பெல்ஜிய நாட்டில் மியூஸ் ஆற்றங்கரையில் உள்ளது செரேங் நகரம். 1817-ஆம் ஆண்டு காக்கரில் குடும்பத்தினர் அங்கு இரும்பாலை தொடங்கினர். அன்று முதல் நிலக்கரியும் எஃகுமே அம்மக்களுக்குச் சோறும் பெருமையும் தந்தன. பிற்காலத்தில் சுரங்கங்கள் மூடப்பட்டன. உலைகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. இந்நகரின் அருகே வளர்ந்த ஜான்-பியர், லுக் டார்டென் என்னும் சகோதரர்கள் தம் திரைப்படங்கள் பலவற்றை இங்கேயே படைத்தனர். அவற்றுள் 2014-இல் வெளிவந்த ‘இரண்டு பகல், ஓர் இரவு’ நம் சிந்தனைக்குரியது.

சாந்த்ரா, சூரிய மின்தகடு செய்யும் சிறு தொழிற்கூடத்தில் பணிபுரியும் பெண், குழந்தைகளுக்குத் தாய். அவள் மனச்சோர்வு நோயால் விடுப்பில் இருந்தபோது, 17 பேரின் வேலையை 16 பேரே செய்துவிடலாம் என முதலாளி கண்டுகொள்கிறார். “ஆளுக்கு 1,000 யூரோ ஊக்கத்தொகையா, சாந்த்ராவின் வேலையா?” என்று தொழிலாளரையே தீர்மானிக்கச் செய்கிறார். பெரும்பாலோர் பணத்தையே தேர்கின்றனர். திங்களன்று மீண்டும் இரகசிய வாக்கெடுப்பு நடக்கும் என்ற நிலையில், சனியும் ஞாயிறும் அவள் ஒவ்வொருவர் வாசலிலும் போய் நிற்கிறாள்.

கதவைத் திறப்போருள் கொடியவர் அரியர். ஒருவருக்குப் பிள்ளையின் படிப்பு; இன்னொருவருக்கு வீட்டுச் செலவு. திமூர் என்பவரோ தாம் பணத்துக்கு வாக்களித்ததை எண்ணி அழுகிறார். முன்பு தாம் உடைத்த தகட்டின் பழியைச் சாந்த்ரா ஏற்றுக்கொண்டதை அவர் மறக்கவில்லை. ஏழையின் தேவையை ஏழைக்கு எதிராகவே நிறுத்திவிட்டு முதலாளி கை கழுவுகிறார். கூலி குறைவதைக் காட்டிலும், அயலாரின் பிழைப்புக்கு விலை சொல்லும்படி ஒருவரை ஆக்குவதே அவரது மாண்பைப் பறிப்பது. இதனைப் படம் சொற்பொழிவின்றி, பின்னணி இசையுமின்றி உணர்த்துகிறது. மரியோன் கொத்தியார் சாந்த்ராவாகவே வாழ்ந்திருக்கிறார்.

குறையொன்று உண்டு. மாத்திரைகளை அள்ளி விழுங்கி மருத்துவமனை சென்றவள், அன்றே எழுந்து மீண்டும் வாசல்களை நாடுவது நம்பும்படியாக இல்லை. அத்துணை ஆழமான துயரத்தைக் கதையின் வேகம் விழுங்கிவிடுகிறது.

இதே சகோதரர்கள் 1999-இல் அளித்து, கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற படம் ‘ரொசெட்டா’. அதில் வேலைக்கு ஏங்கும் இளம்பெண், தனக்கு உதவிய நண்பனைக் காட்டிக்கொடுத்து அவனுடைய வேலையைப் பெறுகிறாள். பெற்றதும் அவளால் அதில் நிலைக்க முடியவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே வினா சாந்த்ராவிடம் வருகிறது. வாக்குகள் எட்டுக்கு எட்டு எனச் சமமாகின்றன, அவள் தோற்கிறாள். அப்போது முதலாளி, தற்காலிகப் பணியாளர் ஒருவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டு, அவ்விடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்வதாகக் கூறுகிறார். தன் பணிக்கே ஆபத்து என்றறிந்தும் அவளுக்காக வாக்களித்த அல்போன்ஸும் தற்காலிகப் பணியாளரே.

சாந்த்ரா மறுத்துவிடுகிறாள். இரு நாளும் பிறர் மனச்சான்றின் வாசலில் நின்றவள், இப்போது தன் மனச்சான்றுக்குத் தானே விடை தருகிறாள். வேலையின்றி வெளியேறும் அவள் முகத்தில் முதன்முறையாக அமைதி தெரிகிறது. அணைந்த உலையை மீண்டும் மூட்டுவது அவளால் இயலாது. ஆயினும் பிறர் வாழ்வைப் பறித்துத் தன் வாழ்வைக் காத்துக்கொள்ள மறுக்கும் உரிமையை எந்த முதலாளியாலும் அவளிடமிருந்து பறிக்க இயலவில்லை. நம் வாசலில் அவள் வந்து நின்றால், நாம் என்ன சொல்வோம்?