ஜீப்பின் ஆண்டெனா நிற்க வேண்டிய இடம்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைமீறி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்துகொள்ள, மின்சாரமும் கைபேசியும் ஒருசேர ஓய்ந்துபோன அந்த நாட்களில், ஒரு தெருவிலிருந்து மறுதெருவுக்குச் செய்தி அனுப்பவும் வழியின்றி ஜனங்கள் தவித்ததை இப்பகுதியில் வாழ்கிறவர்கள் எவரும் மறந்திருக்க முடியாது. தென்சென்னைப் புறநகர்களில் ஜீப், தார், பழைய ஜிப்ஸி முதலிய நான்கு சக்கர இழுவை வண்டிகளை வைத்திருப்போர் அவற்றில் இருவழி வானொலியைப் பொருத்திக்கொள்வதற்குச் சொல்லப்படும் நியாயங்களுள், மலைப்பாதைகளில் ஒரு வண்டி மற்றொன்றைப் பிரிந்துவிடாமல் காக்கும் பிரயோஜனத்துக்கு அடுத்தபடியாக, இந்த வெள்ளத்தின் ஞாபகமே நிற்கிறது. நியாயம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிப் பணிக்காக போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத், சுனாமி தாக்கிய பின் தம் நிலையத்தை ஆபத்துக்காலச் செய்தி நிலையமாக மாற்றி அந்தமானுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கொண்டுசென்றதை நாடே அறியும். ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டு ஆண்டெனாவை நாம் பொருத்துகிற முறை, அந்த நியாயத்துக்கே விரோதமாக இருக்கிறது என்பதுதான் என் அபிப்பிராயம்.

முதலில் வண்டிக்கு வெளியே ஆண்டெனா வைக்கும் வழக்கத்தின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். கையடக்க வாக்கி-டாக்கியை வண்டிக்குள் அமர்ந்தபடி இயக்குகிறவர், இரும்புக் கூண்டுக்குள்ளிருந்து பேசுகிறார். அமெச்சூர் வானொலியினர் மிகுதியாகப் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் அலையின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். வண்டியின் ஜன்னல்களோ அதில் பாதிகூட இல்லாதவை. ஆகையால் வாக்கி-டாக்கியின் ஐந்து வாட் சக்தியில் ஒரு நல்ல பகுதி உள்ளேயே சிதறி வீணாகிறது. ஆண்டெனாவை வெளியே நிறுத்தியமாத்திரத்தில், ரேடியோவை மாற்றாமலே, பேச்சு எட்டும் தூரம் வெகுவாகக் கூடிவிடுகிறது. பேட்டரியிலிருந்து நேரே கம்பி இழுத்து, இரு கம்பிகளிலும் பியூஸ் வைத்து, ஐம்பது வாட் தரும் நிலையான ரேடியோவை அமைத்துக்கொண்டவருக்கு, கைபேசிக் கோபுரங்கள் அனைத்தும் மௌனமான பின்னும் பேசுகிற சாதனம் ஒன்று எந்நேரமும் ஆயத்தமாக இருக்கிறது.

சக்தியைக் கூட்டிவிட்டால் போதும் என்று எண்ணிவிடலாகாது. பம்மலிலிருந்து கீழ்க்கட்டளைக்குப் பேச முயல்கிறவரின் நடுவே திரிசூலம், பல்லாவரம் குன்றுகள் நிற்கின்றன. சார்னோகைட் என்னும் பாறையாலான குன்றுகள் அவை. இந்த அலைகள் அவற்றை ஊடுருவிச் செல்லமாட்டா. எதிரே குன்றிருக்கும் பிரதேசத்தில் ஆண்டெனாவின் உயரத்தில் ஒவ்வொரு அடியும் மதிப்புடையது.

அப்படியிருக்க, நம்மவர்கள் அதை எங்கே வைக்கிறார்கள்? பெரும்பாலும் முன்பம்பரின் ஓரத்தில், அல்லது பின்கதவில் தொங்கும் உபரிச் சக்கரத்தின் அருகில். இவ்விடங்களில் கூரையைத் துளைக்க வேண்டியதில்லை. தாழ்ந்த மரக்கிளையும், குரோம்பேட்டைச் சந்துகளில் தொங்கும் கேபிள் டி.வி. கம்பியும், அடுக்குமாடி வீடுகளின் தரைத்தள வாகன நிறுத்தத்துக் கூரையும் எளிதில் தட்டமாட்டா. இந்த அனுகூலங்களை நான் அற்பமாகக் கருதவில்லை. ஆயினும் அலைநீளத்தில் கால் பங்கு அளவான கால்-அலை ஆண்டெனா என்பது ஏறக்குறைய அரை மீட்டர் நீளமுள்ள கம்பி மட்டுமன்று. அதன் அடியில் பரந்து கிடக்கும் உலோகத் தகடும் ஆண்டெனாவின் பாதியே. கூரையின் நடுவில் நிறுத்தினால் நாற்புறமும் தகடு சமமாக விரிந்து, அலை எத்திசைக்கும் ஒப்பச் செல்கிறது. பம்பரில் நிறுத்தினாலோ அடியில் தகடு இல்லை. பக்கத்தில் நிற்கும் வண்டியின் உடல் ஒருபுறம் மறைப்பாகவும் மற்றொருபுறம் பிரதிபலிப்பாகவும் அமைந்து அலையைக் கோணலாக்கிவிடுகிறது. பின்பக்கத்தில் பொருத்தினால் கேபிளும் நீள்கிறது. வழக்கமான மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் ஐந்து மீட்டர் ஓடினால், இந்த அலைவரிசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தி கேபிளிலேயே கரைந்துபோகிறது.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. வெள்ளத்துக்காகவே வைத்தோம் என்கிற ஆண்டெனாவின் அடிப்பாகம், வண்டி வெள்ளத்தில் இறங்கியவுடன் முதலில் மூழ்குகிற இடத்தில் இருக்கிறது. முடிச்சூர்த் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது பம்பர் எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தாலே இது விளங்கும். இணைப்பில் புகும் நீர், கேபிளின் பின்னல் உறை வழியாக உறிஞ்சப்பட்டு உள்ளே நெடுந்தூரம் ஏறிவிடுகிறது. கம்பி வெளியே பளபளவென்று நின்றாலும் கேபிள் கெட்டுப்போயிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக்காற்று அரித்த இணைப்புகளுக்கு இந்த விபரீதம் இன்னும் சீக்கிரம் நேர்கிறது. மேலும், முன்பக்கத்து இரும்புக் காப்புச் சட்டத்தில் ஆண்டெனாவைத் திருகியிருப்பவர்கள், அத்தகைய காப்புச் சட்டங்களே மோட்டார் வாகனச் சட்டத்துக்கு முரணானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு அறிவித்ததை நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் காப்புச் சட்டத்தைக் கழற்றும் நாளில் ஆண்டெனாவும் இறங்கிவிடும்.

காந்த அடி வைத்த ஆண்டெனாவைக் கூரையில் ஒட்டிக்கொள்வது, பரீட்சித்துப் பார்க்க விரும்புகிறவருக்கு உத்தமமான வழி. நிலையாக வைத்துக்கொள்ள அது உதவாது. காந்தத்தடியில் சேரும் மணல் பெயிண்டைத் தேய்க்கும். கதவிடுக்கில் நசுங்கும் கேபிள் மழைநீரை உள்ளே அழைத்துவரும். உலோகமல்லாத கித்தான் கூரையோ கண்ணாடி நார்க் கூரையோ உள்ள வண்டிகளுக்குக் கூரைநடு என்ற யோசனையே பொருந்தாது. அவற்றுக்குப் போனட்டின் பின்விளிம்பே தக்க இடம். பெயிண்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் சேரச் செய்து, போனட்டையும் உடலையும் ஒரு பின்னல் பட்டையால் இணைத்து எர்த் செய்துவிட்டால் அது போதிய பலனைத் தரும்.

இரும்புக் கூரை உள்ளவர்கள் முக்கால் அங்குலத் துளைக்கு அஞ்சுவதுதான் பம்பரில் பொருத்தும் இந்த வழக்கத்தின் அடிப்படைப் பலவீனம். மறுவிற்பனை மதிப்புக் குறையும் என்றும், மழை ஒழுகும் என்றும், உத்தரவாதம் போய்விடும் என்றும் காரணங்கள் கூறப்படுகின்றன. உத்தரவாதத்தைப் பற்றிய கவலை புதிய வண்டிக்கு நியாயமானதே. ஒழுகும் என்பதை நான் ஒப்புக்கொள்ளேன். துளையின் விளிம்புக்குத் துரு தடுக்கும் பெயிண்ட் பூசி, ரப்பர் வளையத்தோடு அடித்தாங்கியை முறையாக இறுக்கினால் நீர் புகாது. மரக்கிளைக்கும் வாகன நிறுத்தக் கூரைக்கும், மடக்கக்கூடிய தாங்கி ஒன்றே பரிகாரம். எவ்விடத்தில் பொருத்தினாலும், எஸ்.டபிள்யூ.ஆர். (நிலை அலை விகிதம்) மீட்டர் கொண்டு அளவெடுக்காமல் வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது: விகிதம் ஒன்றரை என்றால் ஆண்டெனாவிலிருந்து ரேடியோவுக்குத் திரும்பி வரும் சக்தி நூற்றில் நான்கு பங்குதான்; மூன்று என்றால் நூற்றில் இருபத்தைந்து; அதனால் ரேடியோவே சூடேறிப் பழுதாகவும் கூடும்.

உரிமத்தைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அமெச்சூர் அலைவரிசையில் பேசத் தேர்வெழுதி, தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெறவேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பியவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். மலிவு விலையில் வாங்கிய ரேடியோவை உரிமமின்றி எந்த அலைவரிசையிலும் திருப்பிப் பேசுவது, மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகருகே அமைந்த நம் பிரதேசத்தில் மன்னிக்கத்தக்கதன்று. விமானிகள் பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி நம் அலைவரிசைக்கு அண்டையிலேயே இருக்கிறது. அனுமதியற்ற வாக்கி-டாக்கிகள் இணையத்தில் விற்கப்படுவதைத் தடுக்க 2025-இல் மத்திய அரசு தனி நெறிமுறைகளையே வெளியிட நேர்ந்தது. உரிமமில்லாதவர் எத்தனை உயரத்தில் ஆண்டெனாவை நிறுத்தினாலும் ஆபத்துக்காலத்தில் அவர் உதவியாளராகமாட்டார், இடையூறாகவே முடிவார்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. உரிமம் பெற்று, இரும்புக் கூரையுள்ள வண்டியும் வைத்திருப்பவர்கள், அதற்குமுன் ஒரு விடுமுறை நாளில் பம்பரிலுள்ள ஆண்டெனாவைக் கழற்றி, கேபிளின் முனையை வெட்டிப் பார்த்து, பின்னல் கறுத்திருந்தால் அதை எறிந்துவிட்டுப் புதுக் கேபிளோடு கூரையின் நடுவுக்கு மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.